கருவாட்டுக் கை

"உனக்கு வேற வேலையே இல்லியா? கிழவி மானம் போன கதைன்னா மட்டும் சம்மணம் போட்டுக் குந்திக்கிறியே, வெக்கமா இல்ல? சரி, கேட்டுத் தொலை."

காசிமேட்டில் எங்கள் குடியிருப்புக்கு ஸ்டெல்லா என்று ஒரு நர்சம்மா மாதாமாதம் வருவாள். வயசானவர்களுக்கு வீட்டிலேயே பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுப்பாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பாள். அது இறுக இறுக, எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே என்னை இழுத்துக்கொண்டு கடக்கும் என் வீட்டுக்காரரின் பிடி ஞாபகம் வரும். (அவர் போய்ச் சேர்ந்த பிறகு என் கையை யார் பிடித்தார்கள்? பஸ் கண்டக்டர்கூடச் சில்லறையைத் தூக்கித்தான் போடுகிறான்.)

அவள் ஒருநாள், "பிரஷர் சூப்பரா கீது ஆயா. இனிமே மூணு மாசத்துக்கு ஒருதபா வந்தா போதும்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"தலை சுத்துது கண்ணு, அடுத்த வாரம் ஒருதபா வந்து பாரு" என்று புளுகினேன். அவள் வருவதற்குள் பிரஷரை ஏற்ற வேண்டாமா? மாத்திரைகளை அரிசிப் பானையில் ஒளித்தேன். அவள் வரவேண்டிய நாள் காலை நெத்திலிக் கருவாட்டை வறுத்து, பழைய சோற்றோடு ஒரு சட்டி காலி செய்தேன். மாடிப்படி வேறு ஏறி இறங்கினேன். (புத்திதான் ஏறவில்லை.)

மெஷினைப் பார்த்த ஸ்டெல்லாவின் முகம் வெளுத்தது. என்னைப் படுக்க வைத்து, "யாராவது ஆட்டோ கூட்டினு வாங்க!" என்று கத்தினாள். எதிர்வீட்டுப் பார்வதி ஓடிவந்தாள். என்ன ஏதென்று கேட்காமலே மாரடித்து ஒப்பாரி ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு வார்த்த அதிர்ந்து பேசாத உத்தமியே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாமே, நேத்து குழாயாண்ட போட்ட சண்டைய மறந்துட்டியா?" என்று எழுந்து உட்கார்ந்தேன். திரும்பப் படுக்க வைக்க என் கையைப் பிடித்த ஸ்டெல்லா, அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள்.

"கருவாடா?"

தலையாட்டினேன்.

"மாத்திர?"

பானையைக் காட்டினேன்.

"ஏன் ஆயா இப்டி பண்ண? எதனா ஆயிருந்தா?"

"மூணு மாசம் வரமாட்டேன்னியே கண்ணு."

அவள் என்னைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனாள். வழி முழுக்க என் கையை விடவில்லை. (டாக்டர் திட்டியது எதுவும் என் காதில் விழவில்லை.)

இப்போது மாத்திரையை ஒழுங்காக முழுங்குகிறேன். எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் ஸ்டெல்லா மெஷின் இல்லாமலே உள்ளே நுழைவாள். முதலில் என் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த பார்வதி, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து கேட்டாள்:

"இன்னாக்கா, நர்சம்மா உங்கைய மூஞ்சியாண்ட வெச்சிக்கினு இன்னா பண்ணுது?"

"முத்தம் குடுக்குதுடி" என்றேன். "பாத்து, வயித்தெரிச்சல்ல உங்களுக்குப் பிரஷர் ஏறிடப்போவுது."