முந்நூற்றைந்தைக் காத்த முன்வரிசை

சுழியத்தைக் கண்டுபிடித்தது யார் என்று அறிஞர் உலகம் அடிபட்டுக்கொள்ளட்டும். சுழியத்துக்கு மாலை போட்ட பெருமை ஹொல்ஸ்டெப்ரோ நகரத் தமிழர் மன்றம் ஒன்றையே சாரும்.

அந்தச் ‘சுழிய மாட்சி விழா’வுக்கு நிறோஷினி பிந்தித்தான் வந்தாள். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்தவள், கடைசி வரிசையில் மிஞ்சியிருந்த ஒரே கதிரையில் அமர்ந்தாள். முன்வரிசையில் இடப்பக்கம் மூன்று பிரமுகர்கள், வலப்பக்கம் ஐவர். நடுவில் மல்லிகை மாலை சூடிய வெறுங்கதிரை.

மேடையில் தலைவர் சண்முகலிங்கம் முழங்கினார்.

“பாபிலோனியர் பாவம், நெடுங்காலம் வெறும் இடைவெளிதான் விட்டவை. அது கண்ணில படாட்டி பெரிய எண் சின்னனாப் போகும். உரோமருக்கு அந்த இடைவெளியும் இல்லை. எங்கட முன்வரிசையைப் பாருங்கோ! மூண்டு, சுழியம், அஞ்சு. முந்நூற்றி அஞ்சு! நடுக்கதிரையை எடுத்தா வெறும் முப்பத்தஞ்சு!”

மண்டபம் மெய்சிலிர்த்தது.

அந்நேரம் பார்த்துப் பஸ்தியாம்பிள்ளையர் ஊன்றுகோலோடு வந்தார். போன கிழமைதான் முழங்காலில் சத்திரசிகிச்சை. அடுத்த நிகழ்ச்சி பேத்தியின் நடனம். வேறு இடமில்லாததால் மாலைக் கதிரையை நோக்கி நடந்தார். பக்கத்தில் இருந்த செயலாளர் துவாரகன் கதிரைக்குக் குறுக்கே கை நீட்டினார்.

“ஐயா, அது சுழியம்!”

“ஓம் தம்பி. கால் உளையுது.”

“நீங்கள் இருந்தா முந்நூற்றிப் பதினைஞ்சு ஆகிடும்!”

“பத்துக் கூடினா நல்லதுதானே?”

இந்த நுட்பமான வினாவை ஆராய நிர்வாகக் குழு இருந்த இடத்திலேயே அவசரமாகக் கூடியது. கோரிக்கை ‘மிகுந்த பரிவுடன்’ அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை ஐயா நிற்கலாம் என்று ஏகமனதாக அனுமதியும் வழங்கப்பட்டது.

நிறோஷினி எழுந்து முன்னால் வந்தாள். “அண்ணை, அப்ப உங்கட கதிரையைக் குடுங்கோவன்.”

“விசர்க்கதை கதையாதை தங்கச்சி. நான் எழும்பினா முந்நூற்றி நாலு!”

கணக்கில் பிழையில்லை. அவள் ஐயாவின் முழங்கையைப் பிடித்து மெல்ல நடத்திப் போய்த் தன் கதிரையில் இருத்தினாள். காலை முழுக்க நின்ற கால், கர்த்தர் துணையிருந்தால் இன்னும் கொஞ்சம் நிற்கும் என்று எண்ணிச் சுவரில் சாய்ந்தாள்.

தலைவரின் குரல் தழுதழுத்தது. “ஒண்டுமில்லாததுக்கும் ஒரு இடம் வேணும் எண்டு உலகத்துக்குச் சொன்னது நாங்கள்! எல்லாரும் எழும்பிச் சுழியத்துக்கு மரியாதை செய்வம்!”

முன்வரிசை உட்பட மண்டபமே எழுந்தது. பஸ்தியாம்பிள்ளையரும் ஊன்றுகோலைத் தேடினார். நிறோஷினி அவர் தோளில் கை வைத்தாள்.

“நீங்கள் இருங்கோ ஐயா.”

எவ்வளவு பண்பாடான சபை! வெறுங்கதிரையைக் கண்டால் எழுந்து நிற்கிறது. நொண்டி வரும் மனிதரைக் கண்டால் இருந்தபடியே பார்க்கிறது.