பத்துக்கு மூன்று வாங்கிய மாப்பிள்ளை

செண்பகனூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு மரியசூசை தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் தங்கை கித்தேரியம்மாளும் மகள் ஃபெமினாவும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆகையால் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் லூர்து அக்காவின் சர்க்கரையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் சொல்வதில் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது, அந்தப் பாதிக்கும் நீங்கள் உடனே ஆலோசனை சொல்லிவிடுகிறீர்கள். கடிதம் என்றால் முடிகிறவரை குறுக்கே பேச முடியாது.

நீங்கள் பார்த்துச் சொன்ன திண்டுக்கல் வரன் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை ராபினும் அவருடைய தாயார் பிரகாசியம்மாள் டீச்சரும், இரண்டே பேர். டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னீர்கள், சரி. மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார் என்றும் சொன்னீர்கள், அதுவும் சரி. அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் நல்ல சம்பளம் என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. நடந்த கூத்து அத்தனைக்கும் காரணம் இதுதான்.

உங்கள் மருமகள் 'கணிமலர்' பத்திரிகையில் மாதாமாதம் எழுதுவது உங்களுக்குத் தெரியும். என்ன எழுதுகிறாள் என்று தெரியுமோ என்னவோ. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துவிட்டு வந்து, வீட்டில் வீடியோ கேம் விளையாடி, அது எப்படி இருக்கிறது என்று எழுதி, அடியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறாள். முதலில் அந்தப் பத்திரிகையில் எல்லா கேமுக்கும் எட்டு, ஒன்பது என்றுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள், எல்லாப் பிள்ளையும் முதல் ரேங்க் வாங்குகிற வகுப்பு எங்கே இருக்கிறது என்று. அவர் பதிலுக்கு, அப்படியானால் நீயே எழுதம்மா என்றுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற தபாலில் பாதி வசவுதான். ஒரு கார்ப் பந்தய கேமுக்கு ஆறு போட்டாள் என்று தேனியிலிருந்து ஒரு காலேஜ் பையன் பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தான். கடைசியில், நான் இன்னும் அதை விளையாடவில்லை என்றும் எழுதியிருந்தான். இன்னொன்றுக்கு எட்டரை கொடுத்தாள். ஏன் ஒன்பது கொடுக்கவில்லை என்று அதற்கும் திட்டு. நான் பேப்பரில் பேர் வருகிறதே என்ற பெருமையில் அவள் எழுதிய பக்கத்தைக் கடையில் தைலப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

நம் கடை உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டாம் தரம் என்று ஒன்று கிடையாது. தைலம் முதல் தரம், சாக்லேட் முதல் தரம், மழையில் நனைந்து காய்ந்த டப்பாவும் முதல் தரம். ஒருமுறை சீசனில் ஃபெமினாவைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனேன். கேரளாவிலிருந்து வந்த ஒருவர் எந்த சாக்லேட் நல்லது என்று கேட்டிருக்கிறார். இவள், "அந்த ரெண்டு நல்லாருக்கும் சார், மத்ததெல்லாம் மெழுகு மாதிரி கெடக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப்பின் அவளை நான் கல்லாவில் உட்காரவைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்து நாங்கள் வெள்ளனே தயாராகிவிட்டோம். கித்தேரி பஜ்ஜி போட்டு, கேரட் அல்வா கிண்டி, பேரிக்காய் நறுக்கி வைத்திருந்தாள். நான் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். பஸ் வந்தது. டீச்சர் நிமிர்ந்து இறங்கினார். பின்னால் மாப்பிள்ளை இறங்கினார், இறங்கி நேரே ரோட்டோரம் போய்க் குனிந்துவிட்டார். பெருமாள்மலை தாண்டுவதற்குள் இரண்டு தடவை ஆகிவிட்டதாம், இது மூன்றாவது. சின்ன வயதிலிருந்து வளைவு என்றாலே அவருக்கு ஆகாதாம். அதனால் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தும் கொடைக்கானலுக்கு இதுதான் முதல் தடவை என்று டீச்சர் சொன்னார். பெண் பார்க்க வந்தவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய் வீட்டில் உட்காரவைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு டீ கொண்டுவர வேண்டிய பெண், எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொண்டுவந்து, "மோந்துக்கிட்டே இருங்க, சரியாயிரும்" என்று கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கித்தேரி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த நிமிஷம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது மச்சான்.

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சு கொஞ்சம் தொய்ந்ததும், என் மகளின் பெருமையைச் சொல்லவேண்டுமே என்று, மேஜைமேல் தயாராக வைத்திருந்த கணிமலரை எடுத்து டீச்சர் கையில் கொடுத்து, இது நம்ம ஃபெமினா எழுதியது, நீங்களே வாசித்துச் சொல்லுங்கள், என் கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டேன் என்றேன். டீச்சர் தலைப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, காட் ரோடு கிங். இது எங்க ராபின் செஞ்ச கேமுல்ல" என்றார். மலை ரோட்டில் பஸ் ஓட்டுகிற கேமாம். ராபினின் கம்பெனி செய்கிற சோலி இதுதானாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. டீச்சர் மகன் செய்தது, என் மகள் எழுதியது, ஆண்டவரே முடிச்சுப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஃபெமினா எழுந்து வந்து பத்திரிகையை வாங்கப் பார்த்தாள். அடக்கத்தால் கூச்சப்படுகிறாள் என்று நான்தான் அவளைத் தடுத்து உட்காரவைத்தேன்.

டீச்சர் வகுப்பில் பாடம் வாசிக்கிற கணீர்க் குரலில் ஆரம்பித்தார். 'இந்த விளையாட்டில் பேருந்து வளைவில் திரும்பும்போது ஹாரன் அடிப்பதில்லை. இறங்கி வரும் லாரி, ஏறும் பேருந்துக்கு வழி விடுவதில்லை. சில இடங்களில் பேருந்து பாறைக்குள் புகுந்து நின்றுவிடுகிறது. பயணிகளில் ஒருவருக்குக்கூட வாந்தி வருவதில்லை. இதைச் செய்தவர் ஒருநாளாவது மலைப் பேருந்தில் ஏறியிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்.' தொடங்கிய பாடத்தை நடுவில் நிறுத்திப் பழக்கமில்லாதவர், பாவம், குரல் இறங்க இறங்கக் கடைசி வரை வாசித்துவிட்டார். 'மதிப்பெண், பத்துக்கு மூன்று.'

ராபின் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்துக்கு மூணுன்னா நூத்துக்கு முப்பது. பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. அப்ப என் மகன் ஃபெயிலா?" என்று கேட்டார்.

நான் சமாளிக்க வேண்டுமே. மூன்று என்பது நமக்குப் பெரிய எண், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்றுதானே என்றேன்.

"அவங்க யாரும் பரீட்சை எழுதலையே" என்றார் டீச்சர்.

ஃபெமினாவை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். கித்தேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அஞ்சாக்கிவிடு தாயி என்று கெஞ்சினாள். நான் வியாபாரி, ஏழில் ஆரம்பித்தேன். ஆறு, ஐந்தரை, ஐந்து என்று இறங்கி, சரி, பாஸ் மார்க்காவது போடு, மூன்றரை, அரை மார்க்கில் உன் குடியா முழுகிவிடும் என்று கேட்டேன். அச்சடித்து ஊரெல்லாம் போய்விட்டது, இனி என்ன பேசினாலும் அது மூன்றுதான் என்றாள். அடுத்த மாதம் திருத்தம் போடலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம்ம கடைக்கு வர்றவன் டூரிஸ்ட்டுப்பா, மறுபடி வரமாட்டான். என்னைப் படிக்கிறவன் அடுத்த மாசமும் படிப்பான்ல?" எனக்குச் சுருக்கென்றது. ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்றேன்.

திரும்பி ஹாலுக்கு வந்தால் ராபின் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கிறார். எந்த வளைவில் பாறைக்குள் போகிறது என்று காட்ட முடியுமா என்று ஃபெமினாவைக் கேட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தார்கள். அப்புறம் என்ன, சண்டைதான். இவள் ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள், அவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறார். தீபாவளிக்கு வெளியிட்டே ஆகவேண்டும் என்று கம்பெனியில் நெருக்கினார்களாம். இங்கிலீஷ் வெப்சைட் ஒன்றில் இதற்கு ஏழு கொடுத்திருக்கிறார்களே என்று அவர் கேட்டார். அவர்கள் விளையாடிப் பார்த்தார்களா என்று இவள் கேட்டாள். அவர், நாங்கள் எழுதி அனுப்பியதைத்தான் அப்படியே போட்டார்கள் என்றார். மச்சான், எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போனது அங்கேதான். என் கடையில் உட்கார்ந்திருந்தால் நான் அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து போய் மகன் தோளைத் தொட்டு, வெரசா கிளம்பு, பஸ் வந்துரும் என்றார். ராபின் நகரவில்லை. "அம்மா, நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. இவங்க எழுதுனது தப்புன்னா நாம கிளம்பிருவோம்" என்றார். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஃபெமினாதான் பக்கத்தில் நின்று சொன்னாள். முதல் வளைவு நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் ஒரு பசுமாடு ரோட்டுக்கு மேலே, ஆகாயத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் பஸ் பாறைக்குள் புகுந்து, பாதி உள்ளே பாதி வெளியே நின்றுவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த பயணிகள் சிரித்த முகமாகவே இருந்தார்கள். டீச்சர் முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார், ஹாரன் எங்கே என்று கேட்டார். ஹாரன் கிடையாது என்றார் ராபின், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மாள் ஆயுள் முழுக்கப் பேப்பர் திருத்தியவர். திரையைப் பார்த்துக்கொண்டே, "ஏலே ராபின், எழுதி முடிக்காம எதுக்குலே பேப்பரைக் குடுத்த?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ராபின், மூணு சரிதாம்மா என்றார். அதற்குமேல் யாரும் ஒன்றும் பேசுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மேகம் மூடிய இருட்டில் அல்வாவை யார் தின்றார்கள், யார் தின்னவில்லை என்றுகூடத் தெரியவில்லை. பனி இறங்குவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். வாசலில் டீச்சர் என்னிடம், "சொல்லி அனுப்புறோம்" என்றார். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. கித்தேரி என்னோடு பேசுவதில்லை. பத்திரிகையை நீட்டியது நான்தானாம். ஃபெமினா பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள், ஆனால் அதைப் போடுவதில்லை. நேற்று மெல்லப் பக்கத்தில் போய், மூணுக்குப் பதிலா நாலு போட்டிருக்கலாமோ என்று கேட்டேன். "ஆளு நல்லவராத்தான் இருக்காருப்பா. கேம்தான் மோசம். ரெண்டையும் சேத்து மார்க் போட எனக்குத் தெரியல" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆறு மாத வசவுத் தபாலுக்குக் கலங்காத பிள்ளை மச்சான்.

ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் செய்ய வேண்டியது. கால் வலியைப் பார்க்காமல் உடனே திண்டுக்கல் போய் டீச்சரைப் பாருங்கள். ஃபெமினா இனிமேல் பத்திரிகைக்கு எழுதமாட்டாள் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், அவள் போட்டது எட்டுதான், அச்சில் எட்டின் இடதுபக்கம் சரியாக விழாமல் மூன்றுபோல ஆகிவிட்டது என்று சொல்லுங்கள். 8, 3 இரண்டையும் எழுதிப் பார்த்தேன், நம்பும்படியாகத்தான் இருக்கிறது. இந்த யோசனை எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். கித்தேரிக்கும் ஃபெமினாவுக்கும் தெரிந்தால் நான் உங்கள் வீட்டிலேயே வந்து தங்க வேண்டியதுதான்.

லூர்து அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர். சலேத் மாதா உங்கள் முழங்காலையும், என் மகள் வாழ்க்கையையும், உங்கள் நாவையும் திண்டுக்கல் போய்த் திரும்பும்வரை காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
மரியசூசை.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது டீச்சர் போன் செய்தார். என்னிடம் இல்லை, ஃபெமினாவிடம். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். வாய்க்கு இதமாகப் பொய் சொல்கிற மருமகளைவிட, முகத்துக்கு நேரே மூணு போடுகிற மருமகள் தேவலை என்று டீச்சர் சொன்னாராம். ராபின் லீவு போட்டுவிட்டு, நேற்று முதல் வத்தலக்குண்டிலிருந்து பாதி மலைவரை பஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகுகிறாராம். புது கேமை ஃபெமினா பார்த்து முடித்த பிறகுதான் வெளியிடுவார்களாம், அவளும் தொடர்ந்து எழுதுவாளாம். ஆகையால் நீங்கள் திண்டுக்கல் போகவே வேண்டாம். எட்டு என்ற பேச்சைக் கனவிலும் எடுக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையால் மலை முழுக்க ஏற முடியாது, நாங்களும் அவ்வளவு பேரோடு திண்டுக்கல் வரை போவது சிரமம். இரண்டுக்கும் நடுவில் வத்தலக்குண்டில் உங்கள் வீடு இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். உங்களைக் கேட்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. முப்பது பேருக்குக் குறையாமல் சாப்பாட்டுக்கு வருவோம், லூர்து அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும். ஒருவேளை தபால் தாமதமாகி எங்களுக்குப் பிறகு இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால், பிரித்துப் படிக்காமல் அப்படியே என் கையில் கொடுத்துவிடவும்.