மேற்கே திரும்பும் ஷூ

ஆம்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பிரியாணிக் கடை மாடியில் ஷூ சாமியார் குடியேறியதிலிருந்து, வாசலில் நிற்பவர் பொட்டலத்துக்கு நிற்கிறாரா பாஸ்போர்ட்டோடு நிற்கிறாரா என்று தெரியாமல் கடைக்காரர் திண்டாடினார். எந்த நாட்டில் வேலை கிடைக்கும் என்பதைச் சாமியார் சொல்ல மாட்டார். அவருடைய ஷூ சொல்லும்.

மேசைக்கு மேலே நைலான் கயிற்றில் ஒற்றை ஷூ தொங்கும். அதன் கீழே பாஸ்போர்ட்டை வைத்து, மர நாற்காலியில் அமர்ந்து சாமியார் கண்ணை மூடினால், ஷூ மெல்லத் திரும்பி ஒரு திசையைக் காட்டும். அந்தத் திசையிலுள்ள நாட்டுக்குப் போகலாம்.

சாமியார் மதபேதம் பார்க்காதவர். பாஸ்போர்ட்டில் பெயரைப் பார்த்துத் திருநீறா, தாயத்தா, ஜெப எண்ணெயா என்று முடிவுசெய்வார். கட்டணம் மட்டும் எல்லா மதத்துக்கும் ஒன்று. ஷூவுக்கும் பேதம் கிடையாது. யார் வந்தாலும் மேற்கேதான் திரும்பும். மேற்கே துபாய். துபாய்க்கு விசிட் விசா விற்கும் ரெனால்டின் ஆபீஸ் பக்கத்து அறையில். எவ்வளவு வசதி.

தௌசீப் அகமது ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தான். மலேசியக் கம்பெனி ஒன்று அவனுக்கு இரண்டு வருடத் தற்காலிக வேலைப் பெர்மிட் வாங்கித் தந்திருந்தது. புறப்படும் நாள் நெருங்க, ஒரு ஆசிக்காக மாடியேறினான். ஷூ மேற்கே திரும்பியது.

“கிழக்கே உனக்குக் கண்டம்ப்பா. மலேசியாவை வுட்ரு. விசிட்ல துபாய் போ, அங்க போய் வேலைக்கு மாத்திக்கலாம்” என்றார் சாமியார். தடை கழிக்க பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி பில்கிஸ் கேட்டாள். “கையில பெர்மிட் இருக்குது. அதை வுட்டுட்டு, வேலையே செய்யக்கூடாத விசாவுல போறீங்களா? மாட்னா இன்னா பண்ணுவீங்க?”

“யாரும் தொடல பில்கிஸ். ஷூ தானா திரும்புச்சு.”

“வாங்க, நானும் பாக்குறேன்.”

மறுநாள் மாடியில் நெரிசல். ஷூ வழக்கம்போல மேற்கே திரும்பியது. பில்கிஸ் நிதானமாகக் கேட்டாள்.

“சாமி, இது நாட்டைத்தானே காட்டுது?”

“ஆமாம்மா.”

“அப்போ நீங்க எங்க உக்காந்தா இன்னா? இப்படி எதிர்ல வந்து உக்காருங்க.”

“ஆசனம் மாறினா தெய்வக் குத்தம்.”

வரிசையில் நின்ற தோல் வியாபாரி ஹபீபுக்கு ஆர்வம் தாங்கவில்லை. “துபாய் எங்கயும் போய்டாது சாமி. மாறி உக்காருங்க.”

கூட்டமும் அதையே சொன்னது. சாமியார் வேறு வழியில்லாமல், வருகிறவர்களுக்குப் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஷூ அரை வட்டம் சுற்றிக் கிழக்கே நின்றது.

“இப்போ மலேசியா போகலாம்னு சொல்லுதா?” என்றாள் பில்கிஸ்.

யாரோ சிரித்தார்கள். சாமியார் கோபமாக எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அவர் காலை உதறினார், அது விடவில்லை. ஹபீப் குனிந்து இழுத்தார். வேட்டிக்குள் முழங்காலோடு சேர்த்துக் கட்டியிருந்த, பழைய ஸ்பீக்கரின் வட்டக் காந்தம் கையோடு வந்தது. ஷூவைப் பிரித்தால், முனையில் இரும்புத் தகடு.

ஹபீப் சாமியாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். “நீ லாங் பஜார்ல ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ண மதியழகன்தானே?”

பக்கத்து அறையில் ரெனால்ட் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் கூட்டம் சாமியாரின் அலமாரியைத் திறந்து, அவரவர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டது.

படியிறங்கும்போது தௌசீப் தலை நிமிரவில்லை. “எனக்கு ஏன் இது தோணாம போச்சு?”

“தோணிருக்கும். கேக்கக் கூச்சப்பட்டீங்க” என்றாள் பில்கிஸ்.

அவன் அந்தப் பெர்மிட்டிலேயே மலேசியா போய்ச் சேர்ந்தான். மாடிப்படியில் மட்டும் மறுவாரமும் நாலு பேர் நின்றார்கள். காந்தத்தைக் கழற்றிய பிறகு சாமிக்குச் சக்தி கூடியிருக்கலாமாம்.

வெளிநாட்டில் வேலை செய்யத்தான் பெர்மிட் வேண்டும், ஐயா. யோசிக்க எந்த நாட்டு ஸ்டாம்பும் வேண்டாம். ஆளுக்கொரு தலை கொடுத்திருக்கிறது. காலாவதி ஆவதற்குள் ஒரு தடவையாவது பயன்படுத்துங்கள்.