பூட்டு சாரும் எக்ஸ் நானூற்றுப் பதினேழும்

வாசகரே, பூட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வாசல் கதவைப் பூட்டுகிறவர்களைச் சொல்லவில்லை. தாம் எழுதியதைப் பிறர் படித்துவிடுவார்களோ என்று பூட்டுகிறவர்கள். படிக்க யாராவது ஆசைப்பட்டார்களா? அதை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள், முகம் வாடிவிடும்.

சிப் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவர் அந்த இனம். பட்டப்பெயர் பூட்டு சார். சிப்புக்குள் எது எப்போது விழிக்க வேண்டும், எது எங்கே போக வேண்டும் என்று வரிவரியாகக் கோட் எழுதுவது அவர் வேலை. ஆனால் காலையில் வந்ததும் எழுதமாட்டார், அடுக்குவார். அதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. அதை ஓட்டி, சமக்குறிகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, வரிக்கு முன்னால் இரண்டு இடைவெளியா மூன்றா என்று யோசித்து, மூன்றாக்கி, மனம் கேட்காமல் மறுபடி இரண்டாக்கி, கண்ணாடி முன் நிற்கும் மாப்பிள்ளையைப்போல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். மணி பதினொன்றாகிவிடும்.

அது தமக்கு. பிறருக்குக் கொடுக்க இன்னொரு மென்பொருள். அது விளக்கக் குறிப்புகளை உரித்தெறிந்து, வரிகளை ஒட்டி, பொருளுள்ள பெயர்களையெல்லாம் எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு என்று ஆக்கிவிடும். சிப் எப்போதும்போல வேலை செய்யும். மனிதருக்குத்தான் ஒன்றும் விளங்காது. வெளியாருக்கு இப்படிக் கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம்தான். பூட்டு சார் அடுத்த மேசைக்கும் இப்படித்தான் கொடுத்தார்.

அடுத்த மேசையில், அவர் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் பெண்.

"சார், பேரையாவது விட்டு வைக்கலாமே. தப்பு எங்கன்னு தேடவே ஒரு வாரம் ஆகுது."

"உனக்கு எதுக்கும்மா பேரு? ஓடுதா ஓடலையான்னு பாரு, போதும். மத்ததெல்லாம் பாதுகாப்பு விஷயம்."

இரண்டு வருடமாக இதே பதில்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிப்பின் வடிவமைப்பு முழுவதும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு நான்கு மாதம் கழித்து. பழி முழுக்கப் பூட்டு சார் தலையில். அவர் புதன்கிழமையே எல்லாவற்றையும் பூட்டி முடித்து நிம்மதியாக இருந்தார். வியாழன் பகல் அவள் வந்து நின்றாள்.

"சார், சிப்பை அணைச்சு உடனே போட்டா முதல் தகவல் காணாமப் போகுது."

"ஒரு வரி வேலைம்மா."

மூலக் கோப்பைத் திறந்தார். எக்ஸ் ஒன்று. எக்ஸ் இரண்டு. அடுத்த கோப்பைத் திறந்தார். அங்கும் அதே கூட்டம். முந்தைய நாள் அவசரத்தில், பூட்டிய பிரதியை எங்கே வைப்பது என்று மென்பொருள் கேட்டபோது, மூலம் இருந்த இடத்தையே காட்டியிருக்கிறார். அலுவலகத்தின் பொதுச் சேமிப்பில் நகல் இருக்குமா? எப்படி இருக்கும்? திருடர்கள் புழங்கும் இடமாயிற்றே அது. எந்தப் பெயர் எந்த எக்ஸ் ஆனது என்ற பட்டியல்? பாதுகாப்பு கருதி அது உடனுக்குடன் அழியும்படி ஏற்பாடு செய்தவரும் அவரேதான்.

அடுக்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். எக்ஸ்கள் அழகாக வரிசையில் நின்றன.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "நாளைக்குப் போயிடும்ல?"

"போயிடும் சார்."

மூன்று மணிக்கு நாற்காலியை அடுத்த மேசைக்கு உருட்டினார். "மேடம், ஒரு நிமிஷம் வரீங்களா?"

மேடம்! இரண்டு வருடத்தில் முதல் முறை.

அவள் திரையைப் பார்த்தாள். "எக்ஸ் நானூத்திப் பதினேழுதான் சார் உங்க ரீசெட், சிப் எழும்போது பழசையெல்லாம் துடைக்கிறது. அது முடியறதுக்குள்ள, தகவலை வாங்கிற எக்ஸ் தொண்ணூத்தி ரெண்டு எழுந்துடுது. அதைக் கொஞ்சம் காக்க வைங்க."

"உங்களுக்கு எப்படி இதெல்லாம்..."

"எனக்கு வேற எதைக் குடுத்தீங்க?"

அந்த மென்பொருள் எண்ணைப் பெயரின் எழுத்துகளிலிருந்தே கணக்கிடும்; அதனால் பட்டியல் அழிந்தாலும் ஒரு பெயருக்கு எப்போதும் அதே எண்தான். இரண்டு வருடமாக அவள் ஒவ்வொரு எக்ஸும் என்ன செய்கிறதென்று பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தாள். ஐந்து மணிக்குச் சோதனை சுத்தமாக ஓடியது. பூட்டு சார் நன்றி சொல்லவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கொஞ்சம் குடுங்களேன். பாத்துட்டுத் தரேன்."

அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். "உங்களுக்கு எதுக்கு சார் பேரு? ஓடுதா ஓடலையான்னு பாருங்க, போதும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. யாருக்கும் புரியக் கூடாதென்று உங்கள் கைப்பேசியில் 'க.வி. மூன்று, மறக்காதே' என்று குறித்து வைத்திருக்கிறீர்களே, அது என்னவென்று இப்போதே சொல்லுங்கள் பார்ப்போம். யோசிக்கிறீர்களா? பக்கத்தில் இருப்பவரை மரியாதையாகக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.