கூரை ஒழுகக் காத்திருந்தவர்

பிறர் துன்பத்தைப் படம் பிடிக்க மலையேறும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. தோளில் கேமரா, காலில் பளபளக்கும் சப்பாத்து, வாயில் எந்நேரமும் 'மக்கள்'. இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, இலங்கை மலைநாட்டின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வாருங்கள்.

இரகுநாதன் பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகத்தராய் இருந்தவரின் மகன். அவர் எடுக்கும் படத்தில் முதலில் அவரே பனிமூட்டத்தில் நடப்பார், நின்று மலையைப் பார்ப்பார், தன் பிள்ளைப் பருவத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார், படச்சுருள் மிஞ்சினால் மக்கள் வருவார்கள். "சொந்த அனுபவம் கலக்காத படம் படமே இல்லை" என்பார். அனுபவம் அவருடையது. ஒழுகும் கூரை பேச்சியம்மாவுடையது.

பேச்சியம்மா கொழுந்து பறிப்பவள். மழை வந்தால் மூன்று பிள்ளைகளையும், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையின் ஒரே மூலையில் குந்தவைப்பாள். மூன்று வருடம் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி, இரகுநாதன் படம் எடுக்க வந்த அன்றுதான் கூரைக்குப் புதுத் தகரம் வந்திருந்தது. தச்சர் ஜௌபர் பாஸ் ஏணியைச் சாத்தி ஏறத் தொடங்கியதும் இரகுநாதன் ஓடிவந்தார்.

"பாஸ், இறங்குங்கோ! அக்கா, ஒரு நாள் பொறுங்கோ. மழை வரட்டும். ஒழுகிறதை உலகம் பாக்க வேணும்."

"ஒலகம் பாத்தா ஒழுகுறது நின்னுருங்களா? பாஸ் நாளைக்கு வேற டிவிசனுக்குப் போயிருவாருங்க."

"உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். அந்தப் பட்டுச் சேலையையும் மாத்துங்கோ. கிழிஞ்சது இல்லையோ?"

"கிழிஞ்சதக் கட்டிக்கிட்டு யாராச்சும் போட்டோவுக்கு நிப்பாங்களா?"

ஏணியின் பாதியில் நின்ற பாஸ் கேட்டார்: "நான் ஏறவா, எறங்கவா?"

பதில் வருமுன் மழை வந்துவிட்டது. இரகுநாதன் உள்ளே பாய்ந்து கேமராவை நிறுத்தினார். முதல் சொட்டு அவர் விரும்பிய இடத்திலேயே விழுந்தது, கண் கலங்கினார். இரண்டாவது சொட்டு கேமராவில் விழுந்தது.

"பாஸ்! கெதியாத் தகரத்தைப் போடுங்கோ! கேமரா நனையுது!"

"பொறுங்க ஐயா," என்றாள் பேச்சியம்மா. "ஒலகம் பாக்கட்டும்."

பாஸ் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆணி அடித்தார். கொட்டும் மழையில் ஏணியைப் பிடித்து நின்றவர் யார்? சாட்சாத் இரகுநாதன்தான்.

தகரம் ஏறிவிட்டது. பிள்ளைகள் இனிக் காலை நீட்டிப் படுக்கலாம். சுருள்தான் பாழ். அடடா, அந்தக் காட்சி மட்டும் கிடைத்திருந்தால் என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றியதா? அப்படியானால் மெதுவாக உங்கள் தோளைத் தடவிப் பாருங்கள். கேமராவின் தோல்வார் கையில் தட்டுப்படும்.