பின்னிருக்கையில் ஐம்பத்தெட்டு கிலோ

மனித குலத்தின் மகத்தான சாதனைகள் அனைத்தும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நிகழ்ந்திருக்கின்றன என்பது என் உறுதியான முடிவு. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை அன்று காலை அவன் மனைவி ஒட்டடை அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். "இதோ வந்துட்டேன்" என்று கொல்லைப்பக்கம் நழுவியவன், சாயங்காலம் சக்கரத்தோடுதான் திரும்பியிருப்பான். ஆதாரம் கேட்காதீர்கள். என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஓய்வு நேரத்திலேயே ஒரு விமானத்தைக் கட்டி முடித்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

அருகிலிருந்து என்றால் ரொம்ப அருகில். வேலை தேடும் பணியில் நான் நிரந்தரமாக இருப்பதால், சில வருடங்களாக அக்கா வீட்டில் 'தற்காலிகமாக'த் தங்கியிருக்கிறேன்.

அத்தான் குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளர். குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் எழுதுவது அவருடைய வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தார். "உங்களுக்குள் ஒரு விமானி உறங்கிக்கொண்டிருக்கிறான், அவனை எழுப்புங்கள்" என்று அதில் ஒரு தாடிக்காரர் சொன்னார். அத்தான் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் வேறு யாரும் நிம்மதியாக உறங்கவில்லை.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அன்று அவள் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அத்தான் அறிவித்துவிட்டார்.

"ரெண்டு சீட்டு விமானம். முன்னாடி நான், பின்னாடி நீ."

"எங்க போறதுக்கு?"

"உங்கம்மா வீட்டுக்குத்தான்! மலையைச் சுத்திக்கிட்டு நாள் பூரா பஸ்ல குலுங்கி இடுப்பொடிய வேண்டாம். ஏறினா மலை, இறங்கினா உங்கம்மா. அவ்வளவுதான்."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எங்கள் அம்மா மலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டதால் அவளால் பஸ் ஏற முடியாது. விடுமுறை கிடைத்தால் அக்கா மகளை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். இனி விடுமுறையெல்லாம் விமானத்துக்கு என்று அத்தான் சொன்னபோது, அந்தப் பின்னிருக்கையை நினைத்துத்தான் அவள் சரி என்றாள். அப்புறம் நான்கு வருடங்களாக எங்கள் அம்மாவும் அக்காவும் போனில் பேசிக்கொண்டது இப்படி:

"எப்பம்மா வர்றே?"

"வால் முடிஞ்சதும் வந்துடறேம்மா."

"யாரு வாலு?"

குடும்பம் என்பது ஒரு நிர்வாக அமைப்பு என்பதை உலகம் மறந்துவிட்டது. அத்தான் மறக்கவில்லை. உடனே 'குடும்ப வான்பணிக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் அத்தான். செயலாளர் நான். உறுப்பினர் அக்கா. பள்ளிக்கூடம் போகும் அவர்கள் மகள் குட்டி, வாக்குரிமையில்லாத பார்வையாளர். ஞாயிறுதோறும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் 'முன்னேற்றக் கூட்டம்'. மேசைக்கு மேலே உத்தரத்திலிருந்து கயிறு கட்டி ஓர் இறக்கை தொங்கியது. அதன் கீழ்தான் சாப்பிட்டோம். குட்டி இறக்கையில்தான் பள்ளிச் சீருடை காயப்போடுவாள். 'விமான உறுப்பைக் கொடிக்கயிறாகப் பயன்படுத்துதல்' குறித்து அவளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தோம். அவள் அதில் கப்பல் செய்தாள்.

இப்போது தொழில்நுட்பத்துக்கு வருவோம். அலுமினியத் தகடுகளை ரிவெட் என்கிற மொட்டை ஆணி அடித்து இணைக்கவேண்டும். வெளியே ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியை வைத்து அடிப்பார். உள்ளே ஒருவர் அதே இடத்தில் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும். வால்பகுதி குறுகலான குழாய். அத்தானுக்கு இருப்பது தலைவர் பதவிக்குரிய வயிறு, உள்ளே போகாது. எனக்கோ இடுக்கில் மூச்சு முட்டும். பொறுப்புள்ள செயலாளர் மூச்சு முட்டி நின்றால் குழு என்ன ஆவது? ஆகவே அக்கா கடையிலிருந்து வந்ததும் வாலுக்குள் ஊர்ந்து போவாள். கார் நிறுத்துகிற கொட்டகையில், வெளியே அத்தான் 'டட்டட்டட்' என்று ஒரு ரிவெட் அடித்துவிட்டு, பின்னால் போய் நின்று அழகு பார்ப்பார். ஓய்வு நேரப் பணியல்லவா, ஓய்வும் வேண்டும்.

வாலுக்குள்ளிருந்து குரல் வரும். "டேய், அடுப்புல பால் வெச்சிருக்கேன். பொங்கிடும், போய் அணைடா."

"கூட்டக் குறிப்பு எழுதிட்டிருக்கேன்க்கா."

"கூட்டமே ஞாயித்துக்கிழமைதானேடா!"

"போன ஞாயித்துக்கிழமைக்கு."

பால் பொங்கி வழிந்தது. வரலாறு படைக்கும்போது பால் கொஞ்சம் வழியத்தான் செய்யும்.

விமானத்தின் பரம எதிரி எடை. எஞ்சின் சின்னது. எல்லாம் போகப் பின்னிருக்கைக்கு மிஞ்சியது அறுபத்தாறு கிலோ. அது அன்றைய அக்காவின் எடை. அத்தானே அதைப் 'பயணி ஒதுக்கீடு' என்று பெயரிட்டுக் காப்பாற்றிவந்தார். பிறகு விமானிக்கு ஓர் இரட்டை ரேடியோ தேவைப்பட்டது. ஒரு ரேடியோ பேசாவிட்டால் இன்னொன்று பேச வேண்டுமே! ஒரு தோல் மெத்தை. முகத்துக்கு ஒரு சின்ன மின்விசிறி. அப்புறம் பறக்கும்போது அத்தானின் முகத்தைப் படம்பிடிக்க ஒரு காமிரா, அந்தக் காமிராவுக்கு ஒரு பேட்டரி, முகம் தெளிவாகத் தெரிய ஒரு விளக்கு.

"இதெல்லாம் எந்தக் கணக்குலங்க?" என்று கூட்டத்தில் அக்கா கேட்டாள்.

"பயணி ஒதுக்கீட்டுலேர்ந்து மாத்திக்கலாம்."

"ஒதுக்கீடுன்னா நான்தானே? என்னை எப்படிங்க மாத்துவீங்க?"

"கொஞ்சம் சாப்பாட்டைக் குறைச்சா போச்சு. உடம்புக்கும் நல்லதும்மா."

"விசிறியைக் குறைச்சா?"

"விமானிக்கு வேர்த்தா விபத்து நடக்கும். என்ன மாப்ள?"

"நடக்கும் அத்தான்" என்றேன். ஏகமனதாக நிறைவேறியது.

அக்கா குறைத்தாள். காலையில் பாதி வயிறு, ராத்திரி வெறும் பழம். ஞாயிறுதோறும் எடைக்கருவியில் ஏறி நிற்பாள். குட்டி பக்கத்தில் குனிந்து எண்ணைப் படிப்பாள். அத்தான் ஒரு புதுக் கருவி வாங்க, அக்கா ஒரு கிலோ இளைக்க, இருவரும் போட்டி போட்டுக்கொண்டு முன்னேறினார்கள். கடைசியில் ஒதுக்கீடு ஐம்பத்தெட்டு கிலோவில் வந்து நின்றது. அக்காவும் ஐம்பத்தெட்டில் வந்து நின்றாள். அவளுடைய கடை மேல்கோட்டு தோளிலிருந்து நழுவியது. குடும்ப ஒத்துழைப்புக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

விமானம் லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே சின்ன விமானங்கள் இறங்கும் திடலுக்குப் போய்ச் சேர்ந்தது. விமான ஆய்வாளர் வந்தார். பேச்சுக்கு வரி போட்டுவிட்டதுபோல் பேசுகிறவர். சக்கரங்களின் கீழே எடைக்கருவி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மூக்குப் பக்கம் பாரம் ஜாஸ்தி. என்னத்தையெல்லாம் முன்னாடி மாட்டியிருக்கீங்க? தனியா ஓட்டினா மூக்கு கவுந்துடும். பின்சீட்டுல எடை வேணும்."

"எவ்வளவு சார்?" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"அம்பத்தெட்டு கிலோ."

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. "சார், நான் சரியா அம்பத்தெட்டு!"

"சோதனைப் பறப்புல ஆள் ஏறக்கூடாதும்மா. அதுக்கு மட்டும் மணல் மூட்டை வையுங்க. நல்லபடியா இறங்கினதும் கையெழுத்துப் போட்டுடறேன். அப்புறம் தாராளமா நீங்க ஏறிக்கலாம்."

அக்கா பழைய திரைச்சீலையில் மூட்டை தைத்தாள். ஒன்று கிழிந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாகத் தைத்தாள். இரண்டிலும் மணல் நிரப்பி, ஒவ்வொன்றையும் வீட்டு எடைக்கருவியில் வைத்து, ஒரு பிடி போட்டும் எடுத்தும் சரியாக ஐம்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை வர்றோம்மா. மேல சத்தம் கேட்டா வெளிய வந்து பாரு."

அந்த ஞாயிறும் வந்தது. திடலில் வாரியத்து ஆட்கள், அண்டைவீட்டார், ஒரு பத்திரிகைக்காரர். அக்கா துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு குட்டியோடு நின்றாள். பையில் அம்மாவுக்கு அவளே தேய்த்துப் பொருத்திய புதுக் கண்ணாடி. முதலில் அவள் போவது, மறுநடையில் குட்டி என்று பேச்சு. அத்தான் மணல் மூட்டைக்குப் பார்த்துப் பார்த்து பெல்ட் மாட்டினார்.

"அப்பா, கார்ல எனக்கு ஒரு தடவைகூட நீங்க பெல்ட் மாட்டினதில்ல" என்றாள் குட்டி.

"நீ ஆடமாட்டேன்னு நம்பிக்கைதான்" என்று சொல்லிவிட்டு அத்தான் ஏறினார்.

விமானம் இருமியது, ஓடியது, நம்பமுடியவில்லை, எழுந்தது! உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அடித்த ஒவ்வொரு ரிவெட்டும், மன்னிக்கவும், அத்தான் அடித்த ஒவ்வொரு ரிவெட்டும் அப்படியே நின்றது. திடலை ஒரு வட்டம் சுற்றிவிட்டு அத்தான் பத்திரமாக இறங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

அக்கா பையோடு விமானத்தருகே போனாள். "மூட்டையை இறக்குங்க. அம்மா வாசல்லயே நின்னுட்டிருப்பா."

அத்தான் அவளைக் கனிவாகப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வருகிறவர்களை வாரியத்தில் அப்படித்தான் பார்ப்பார்.

"இங்க பாரும்மா. இப்ப மணலோட பறந்து வெற்றியாயிடுச்சு. வெற்றி பெற்ற அமைப்பை மாத்தக்கூடாது. அது பொறியியல் தர்மம்."

"அதே எடைதானேங்க நானும்?"

"எடை அதேதான். ஆனா நீ அசைவே. திரும்பிப் பார்ப்பே. 'மெதுவாப் போங்க'ம்பே. மணல் பாரு, நிலையா இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசல."

"நாலு வருஷங்க. நாலு வருஷமா எங்கம்மாவைப் பார்க்கல நான்."

"ஆயிரம் மைல் இதோட பறந்து பார்த்துட்டு அப்புறம் குழுவுல வெச்சுப் பேசலாம்மா. என்ன மாப்ள?"

எனக்கும் அம்மாதான் அவள். ஆனால் செயலாளருக்கு உறவு ஏது? "பேசலாம் அத்தான்" என்றேன். பத்திரிகைக்காரர் படம் எடுக்க அழைத்தார். அத்தான் மூட்டையின்மேல் கைபோட்டுக்கொண்டு நின்று, "என் பின்னால் உறுதியாக அமர்ந்து துணைநின்றவர்களுக்கு இந்த வெற்றி சமர்ப்பணம்" என்றார். நான் பலமாகக் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அக்காவையும் குட்டியையும் காணவில்லை. முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சமையலைக் கவனிக்கிறாள் போலும் என்று அவளுடைய பொறுப்புணர்ச்சியை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நாங்கள் வீடு திரும்பியபோது கூட்ட நேரம் வந்துவிட்டது. அத்தான் காமிரா எடுத்த தன் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வந்து தலைமை நாற்காலியில் அமர்ந்தார். அக்காவின் நாற்காலியில் மணல் மூட்டை இருந்தது. இரண்டாவது மூட்டை. கண்ணாடிக்கடை மேல்கோட்டை அதற்கு மாட்டி, பொத்தான்கூடப் போட்டிருந்தது. நான் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். ஆனால் உறுப்பினர் ஒருவர் மணலாக இருப்பதைச் சுட்டிக்காட்டக் குழுவின் விதிகளில் இடமில்லை.

"தீர்மானம் ஒண்ணு" என்றார் அத்தான், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பின்னிருக்கைல மணலே தொடரும். எதிர்ப்பு உண்டா?"

மூட்டை சும்மா இருந்தது.

"இல்ல. ஏகமனதா நிறைவேறியது, எழுதிக்கோ. தீர்மானம் ரெண்டு. உறுப்பினரோட பயணம் தள்ளிவைக்கப்படுது. எதிர்ப்பு? இல்ல. தீர்மானம் மூணு. உறுப்பினருக்கு நன்றி." பக்கவாட்டில் கைநீட்டி மேல்கோட்டின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீ புரிஞ்சுக்குவேன்னு எனக்குத் தெரியும்மா. சரி, பசிக்குது, சாப்பாடு எடுத்து வை."

மேல்கோட்டின் கை ஒன்று மடியில் சரிந்து விழுந்தது. அவ்வளவுதான். அத்தான் தன் முகத்தை முதலிலிருந்து இன்னொரு முறை ஓடவிட்டார். அது முடிந்தும் சாப்பாடு வராததால்தான் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் போன் போட்டார். ஒலிபெருக்கியில் பஸ் சத்தம் கேட்டது.

"எங்கே இருக்கே?"

"மலையைச் சுத்திக்கிட்டு இருக்கேங்க. இடுப்பு நல்லாத்தான் இருக்கு."

"இங்க உன் சேர்ல என்னமோ உட்கார்ந்திருக்கு!"

"அது நான்தான். சரியா அம்பத்தெட்டு கிலோ. வேணும்னா நிறுத்துப் பாருங்க."

"விளையாடாதேம்மா. சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"அதைக் கேளுங்க."

"எப்ப வருவே?"

"அது என்னிக்கு வாயைத் திறந்து பேசுதோ, அன்னிக்குப் போன் பண்ணுங்க." பின்னால் குட்டி எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. போன் அணைந்தது.

அத்தான் மூட்டையைப் பார்த்தார். மூட்டை அத்தானைப் பார்த்தது. நான் இருவரையும் பார்த்தேன்.

"மாப்ள, இப்ப என்ன செய்யறது?"

"தீர்மானம் போடலாம் அத்தான்."

'இன்று இரவு உணவு சமைக்கப்பட வேண்டும்' என்று தீர்மானம் கொண்டுவந்தார் அத்தான். நான் வழிமொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. பிறகு நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, மூட்டை எழுந்து அடுப்படிக்குப் போகும் என்று காத்துக்கொண்டிருந்தோம்.