தேவையானவை அழிக்கப்படும்

மனிதன் கண்டுபிடித்தவற்றில் தலையாயது சக்கரம் என்பார்கள், விவரம் தெரியாதவர்கள். தலையாயது கமிட்டி. சக்கரம் எங்காவது போய்ச் சேர்ந்துவிடும். கமிட்டிக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது.

எங்கள் கமிட்டியின் முழுப்பெயர் 'நிரல் நூலக ஆவணச் செம்மையாக்கக் குழு'. நான் அதன் செயலாளர். நூலகம் என்றதும் புத்தகம் கேட்டு வந்துவிடாதீர்கள். இது சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஃபங்ஷன்களின், அதாவது குட்டிக் குட்டி நிரல்களின், நூலகம். (அதைச் 'சீ' என்று நீட்டிச் சொல்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள்.) அன்று எங்கள் முன் வந்தது ஹாஷ் டேபிள். பெயரைச் சொன்னால் அதற்குரிய தகவலை நொடியில் எடுத்துத் தரும் அட்டவணை. அந்த அட்டவணையை அழிக்கவும் ஒரு ஃபங்ஷன் உண்டு. அதற்கு ஒரு வரி விளக்கம் தேவைப்பட்டது.

ஃபங்ஷனை எழுதிய புரோகிராமர் பெண், விளக்கத்தையும் அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "'ஜாக்கிரதை! அட்டவணையோடு உள்ளே இருக்கும் தகவலும் போய்விடும்.' அவ்வளவுதான் சார்."

அறை அதிர்ந்தது.

"'ஜாக்கிரதை'யா? நாய் இருக்கற வீடு மாதிரி இருக்கேம்மா" என்றார் தலைவர்.

"'போய்விடும்'னு எழுதினா, போனதுக்கு நாமதான் காரணம்னு ஆயிடும்" என்றார் சட்ட ஆலோசகர்.

"நிஜமாவே போயிடும் சார்."

"போகட்டும்மா. அதை ஏன் நம்ம வாயால சொல்லணும்?"

அவள் விடவில்லை. "எங்க அம்மா போற ஆஸ்பத்திரியில நம்ம நூலகத்தைத்தான் போட்டிருக்காங்க. எலும்புல ஊசி குத்தி எடுத்த டெஸ்ட் ரிசல்ட் அதுலதான் இருக்கு. யாராவது தெரியாம அழிச்சிட்டா மறுபடியும் குத்தணும் சார். முதல் தடவையே துடிச்சுப் போயிட்டாங்க."

பொது விஷயத்தில் சொந்த விஷயத்தைக் கலக்கலாமா? பெருந்தன்மையோடு மன்னித்தோம். டீ வந்து, ஆறி, மறுபடியும் வந்தபின், மொழி ஆலோசகர் கண்களை மூடித் திறந்து அருளினார்: "தேவையானவை அழிக்கப்படும்."

அடடா! 'ஜாக்கிரதை' இல்லை, 'போய்விடும்' இல்லை, அழிப்பது யார் என்பதுகூட இல்லை. கைதட்டி நிறைவேற்றினோம். அவள் மட்டும், "எது தேவையானது சார்? அழிக்கத் தேவையானதா, நமக்குத் தேவையானதா?" என்றாள். இலக்கணம் தெரியாதவர்களோடு காலம் தள்ளுவது பெரும்பாடு.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த வரியைப் பக்தியோடு படித்தார்கள். அட்டவணை பழசாகிவிட்டது, அதை மட்டும் அழிப்போம் என்று ஃபங்ஷனைத் தட்டிவிட்டார்கள். ரிசல்ட் மொத்தமும் துடைத்துவிட்டாற்போல் காலி. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று போனில் கேட்டேன்.

"எதுக்கு சார்? அதான் உங்க ஆவணத்தைப் படிச்சோமே!"

உடனே விசாரணை வைத்தோம். தலைவர் அவளைக் கேட்டார்: "இந்த வரியில ஒரு எழுத்துப்பிழை இருக்கா?"

"இல்ல சார்."

"எழுதினது ஒண்ணு, நடந்தது ஒண்ணுன்னு ஏதாவது?"

"அதுவும் இல்ல சார். தேவையானதுதான் அழிஞ்சிருக்கு."

"குறிச்சுக்குங்க" என்றார் தலைவர். 'ஆவணம் குற்றமற்றது' என்று குறித்துக்கொண்டேன்.

அவள் எழுந்து போகவில்லை. கண் கலங்கியிருந்தது. "மறுபடியும் குத்தப் போறாங்கன்னு அம்மாகிட்ட என்னன்னு சொல்றது சார்?"

இப்படிக் கேட்டால் செய்யமாட்டோமா! நால்வரும் அங்கேயே கூடினோம். ஊசி குத்துமுன் நோயாளியிடம் சொல்லும் வரியிலிருந்து 'வலிக்கும்' என்ற எதிர்மறைச் சொல்லை நீக்கி, 'சிறிதளவு உணரப்படும்' என்று திருத்தி, ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவைத்தோம். ஊசியோடு வந்த நர்ஸ் அதை அப்படியே வாசித்துக் காட்டினாராம்.

அந்த அம்மாள் போட்ட சத்தம் தெருவரை கேட்டதாம். அதற்கு விளக்கம் எழுத எங்களை யாரும் கூப்பிடவில்லை.